சிறுவர் வாயிலுண்டாகும் உமிழ்நீர்க் கட்டிகள்: பெயரும் பொருளும் பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்போர் மருத்துவப் பொருளொன்றை எடுத்துக்கொண்டு எழுதுவது சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். ஆயினும், ஒரு நோய்க்கு மனிதர் இட்ட பெயர், அப்பெயருக்குள் பொதிந்திருக்கும் கோட்பாடு, அக்கோட்பாட்டினின்றும் பிறக்கும் நடைமுறை ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குவது சொல்லாராய்ச்சியின் எல்லைக்குப் புறம்பானதன்று. சொல் சமுதாயத்தின் விளைபொருள். நோயின் பெயரும் அவ்வாறே, ஒரு குறிப்பிட்ட காலத்து உற்பத்தி முறையும் அறிவு நிலையும் உருவாக்கிய விளைபொருளாகும்.

இக்கட்டுரைக்கு நாம் தெரிந்துகொண்ட பொருள் மிகச் சிறியது. குழந்தைகளினதும் சிறுவரினதும் உதட்டின் உட்புறத்திலும், நாக்கின் அடியிலும், வாயின் அடித்தளத்திலும் சில வேளைகளில் தோன்றும் மென்மையான நீர்க்கட்டிகளே அப்பொருள். இவற்றால் உயிருக்கு ஊறு நேர்வது மிக அரிது. ஆயினும் பெரிய விதியொன்றின் செயற்பாட்டைச் சிறிய பொருளொன்றில் தெளிவாகக் காண்பது பல வேளைகளில் இயல்வதாகும். தோற்றமும் சாரமும் ஒன்றல்ல என்பது மாக்சிய மெய்யியலின் அடிப்படைகளுள் ஒன்று. தோற்றத்தைச் சாரமெனக் கொண்டதனால் ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு சிகிச்சை மீண்டும் மீண்டும் தோல்வியுற்றமைக்கு இக்கட்டியின் வரலாறு தக்க சான்றாகும். கட்டி என்று நாம் அழைக்கும் இப்பொருள் பெரும்பாலும் கட்டியே அன்று. அது தன் வழி தவறி இழையத்துக்குள் கசிந்த உமிழ்நீர். இந்த ஒரு செய்தியை அறிந்துகொண்டால், அது ஏன் குத்தி உடைத்த பின்னரும் திரும்ப வருகின்றது என்பதும், அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

தோற்றம்

முதலில் கண்ணுக்குத் தெரிவதை விவரித்தல் பொருத்தமாகும். பெரும்பாலான கட்டிகள் கீழுதட்டின் உட்புறத்தில், நடுக்கோட்டுக்குச் சற்று விலகி, மேற்பல் வந்து படியும் இடத்தில் தோன்றுகின்றன. சில மில்லிமீற்றர் முதல் ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் வரை விட்டமுடையனவாக இருக்கும். தொட்டால் மென்மையாக, உள்ளே நீர் தளும்புவதுபோல உணரப்படும். வலி பெரும்பாலும் இராது. மேற்பரப்புக்கு அண்மையில் இருந்தால் நீலம் கலந்த கண்ணாடி போன்ற நிறம் தெரியும். ஆழத்தில் இருந்தால் வாயின் இயல்பான நிறமே காணப்படும். உண்ணும்போது கடிபட்டு உடைவதும், ஒட்டும் தன்மையுடைய தெளிந்த நீர் வெளிவருவதும், சில நாள்களில் அதே இடத்தில் மீண்டும் நிறைவதும் இதன் இயல்பு. மருத்துவ நூல்கள் இதனை மியூக்கோசீல் என்று அழைக்கின்றன. சீதம் தேங்கிய வீக்கம் என்பது அதன் பொருள்.

நாக்கு நுனியின் அடிப்புறத்திலும் சிறு சுரப்பிகள் உள்ளன. பிளாண்டன், நூன் என்னும் இருவரின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அங்கு தோன்றும் கட்டிகள் குழந்தைகளிலும் இளம் பராயத்தினரிலுமே பெரிதும் காணப்படுகின்றன. கீழ்ப்பற்கள் நாக்கின் அடியில் உராய்வது அதற்கு ஒரு காரணமாகலாம்.

வாயின் அடித்தளத்தில், நாக்குக்குக் கீழே ஒரு பக்கத்தில் தோன்றுவது இவற்றினும் பெரியது. நீலம் பாரித்த குமிழ் போல உப்பி, நாக்கை மேலும் மறுபக்கமும் தள்ளி நிற்கும். பால் குடிப்பதும், விழுங்குவதும், சொற்களை உச்சரிப்பதும் இதனால் தடைப்படலாம். இதுவே ரானுலா எனப்படுவது. வாயின் அடித்தளமாக அமைந்துள்ள தசையில் பலருக்கு இயல்பாகவே இடைவெளிகள் உள்ளன. அவ்விடைவெளியூடாக நீர் கீழிறங்கினால், வாயில் எதுவும் தெரியாமலே கழுத்தில் மென்மையான வீக்கமொன்று தோன்றுவதுமுண்டு.

பெயரும் பழைய கோட்பாடும்

ரானுலா என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறு தவளை என்பது பொருள். கிரேக்க மருத்துவர்களும் தவளை என்று பொருள்படும் சொல்லாலேயே இதனைக் குறித்தனர். இப்பெயருக்கு இருவகை விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. வீக்கத்தின் தோற்றம் தவளையின் உப்பிய கழுத்தை அல்லது வயிற்றை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது என்பது ஒன்று. நாக்குத் தடைப்பட்டவர் பேச்சு தவளையின் ஒலிபோல ஆகிவிடுவதால் வந்தது என்பது மற்றையது. எவ்வாறாயினும் இவ்விரண்டும் தோற்றத்தையோ விளைவையோ கொண்டு இட்ட பெயர்களேயன்றிக் காரணத்தைச் சுட்டுவனவல்ல. புலன்களுக்கு எட்டுவதை உவமையால் பற்றிக்கொள்வது அறிவு வளர்ச்சியின் முதற்படி. அதனை இகழ்வதற்கில்லை, ஆனால் அதனோடு நின்றுவிடுவதற்குமில்லை.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய செல்சஸ், நாக்கின் கீழ்த் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் உறையொன்றினுள் அடங்கியிருக்கும் எனக் கருதி, பெரியதாயின் மேற்றோலைக் கீறி உறையோடு பிரித்தெடுக்குமாறு கூறினார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய நாட்டுக் குர்துபா நகரை அண்டி வாழ்ந்த அறிஞர் அல்-சஹ்றாவி, தமது மருத்துவப் பெருநூலின் அறுவைப் பகுதியில் இதே 'தவளை'க்குத் தனி இயல் ஒதுக்கினார். கறுத்தும் கடினப்பட்டும் உணர்வற்றும் இருப்பின் அது புற்று, அதனைத் தொடவேண்டாம். வெண்மை சார்ந்து நீர்ப்பற்றுடன் இருப்பின் கொளுவியால் பற்றி அறுத்தெடுக்கலாம் என்பது அவர் கூற்றின் சாரம். அக்காலத்து அறிவெல்லைக்குள் நின்று நோக்கின், இவ்வேறுபாட்டை அவர் வலியுறுத்தியமை பெரிதும் போற்றத்தக்கதாகும்.

இந்திய மரபிலும் இதனையொத்த நோயொன்று பேசப்பட்டுள்ளது. சுசுருத சங்கிதை நாக்கைச் சார்ந்த நோய்கள் ஐந்தனுள் ஒன்றாக உபஜிஹ்விகா என்பதனைக் கூறுகின்றது. நாக்கின் நுனியைப் போன்ற வடிவுடன் நாக்கை உயர்த்தி நிற்கும் வீக்கம் எனவும், எச்சில் ஒழுகல், தினவு, எரிவு ஆகியன அதன் குறிகள் எனவும், கபமும் இரத்தமும் கெடுவதால் பிறப்பது எனவும் அது விவரிக்கின்றது. உபஜிஹ்விகா என்பதற்கு உபநாக்கு, அதாவது துணை நாக்கு, என்று பொருள் கூறலாம். இன்றைய ஆய்வாளர் பலர் இதனை ரானுலாவுடன் ஒப்பிடுவர். கிரேக்கர் தவளையைக் கண்ட இடத்தில் வடமொழியார் இரண்டாவது நாக்கைக் கண்டனர் என்பது சுவையான செய்தி. உவமை வேறுபட்டபோதும் கோட்பாடு ஏறத்தாழ ஒன்றே. மேற்கில் நால்வகை நீர்மங்களுள் ஒன்றாகிய சளி. இங்கு முக்குற்றங்களுள் ஒன்றாகிய கபம். யாழ்ப்பாணத்தில் எழுந்த பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களும் வாத பித்த கபக் கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டவையே.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிய சத்திரவைத்தியர் அம்புறுவாஸ் பாரே இக்கட்டியைப் பற்றி எழுதியபோதும் இக்கோட்பாடு ஆட்சி செலுத்தியது. குளிர்ந்த, தடித்த, பசைத்தன்மையுள்ள சளி மூளையிலிருந்து நாக்கின் மீது இறங்குவதே இதன் காரணம் என அவர் கருதினார். ஆயினும் அவர் வெறும் ஏட்டறிவாளரல்லர். நாவிதர்-சத்திரவைத்தியர் என்னும் கைவினைஞர் குழுவிலிருந்து வந்தவர், இலத்தீன் பயிலாதவர், போர்க்களங்களில் தொழில் கற்றவர், தமது நூல்களைத் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே எழுதியவர். 1575இல் அவரது தொகுப்பு நூல் வெளிவந்தபோது பரிஸ் மருத்துவ பீடத்தார் அதனை எதிர்த்தனர். இத்தகையவர் தமது கையனுபவத்தால் ஓர் உண்மையைக் கண்டிருந்தார்: கத்தியால் கீறித் திறந்த ரானுலா பெரும்பாலும் திரும்ப வருகின்றது. அதனாற்றான் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதையே அவர் விரும்பினார். கோட்பாடு தவறானது, அவதானிப்போ சரியானது. ஏடு விளக்கத் தவறியதைக் கைத்தொழில் உணர்ந்து வைத்திருந்தது எனலாம்.

கான்களின் கண்டுபிடிப்பு

சளி மூளையிலிருந்து இறங்குவதில்லை என்பதும், வாயில் ஊறும் நீருக்கு வேறு ஊற்றுக்கள் உள்ளன என்பதும் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்டன. 1656இல் இலண்டன் மருத்துவர் தோமஸ் வார்ட்டன் சுரப்பிகளைப் பற்றிய தமது நூலில், கீழ்த்தாடைச் சுரப்பியின் நீரை வாய்க்குக் கொண்டுவரும் கானை விவரித்தார். 1660இல் டென்மார்க்கைச் சேர்ந்த இளம் மாணவர் நீல்ஸ் ஸ்ரென்சன், அம்ஸ்ரடாம் நகரில் விலைக்கு வாங்கிய செம்மறியாட்டுத் தலையொன்றை அறுத்தாராய்ந்தபோது, காதடிச் சுரப்பியின் கானைக் கண்டார். அதே ஆண்டிலே ஜேர்மானியரான கொன்ராட் விக்டர் ஷ்னைடர், மூளையிலிருந்து மூக்குக்குச் சளி இறங்குவதற்கு வழியே இல்லை என்பதை எடுத்துக்காட்டும் தமது நூலை வெளியிடத் தொடங்கினார். 1679இல் லைப்சிக் நகரத்து றிவினஸ் நாவடிச் சுரப்பியின் நுண்கான்களை விவரித்தார்.

இரு தசாப்தங்களுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் இத்தனை கண்டுபிடிப்புக்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தமை தற்செயலானதன்று. வணிக வர்க்கம் மேலெழுந்த நகரங்கள், நூல்களை விரைந்து பரப்பிய அச்சகங்கள், தொன்னூலின் அதிகாரத்தினும் கண்கூடான சான்றை மேலாக மதித்த புதிய மனப்பாங்கு ஆகியன ஒன்றுசேர்ந்த சூழல் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றவர் தம் கையாலேயே கத்தியைப் பிடித்து அறுக்கலாயினர். மூளையுழைப்பையும் கையுழைப்பையும் பிரித்து வைத்திருந்த சுவரில் ஏற்பட்ட வெடிப்பு என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

அன்று தொடங்கிய ஆய்வுகளின் பயனாக இன்று நாம் அறிந்திருப்பதைச் சுருக்கிக் கூறலாம். காதடி, கீழ்த்தாடை, நாவடி எனப் பெருஞ்சுரப்பிகள் மூன்று சோடி. இவற்றைவிட உதடு, கன்னம், அண்ணம், நாக்கு ஆகியவற்றின் சீதமென்சவ்வின் கீழ் 600 முதல் 1000 வரையான சிறு சுரப்பிகள் பரந்து கிடக்கின்றன. வளர்ந்தோரில் இவையனைத்தும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. ஒவ்வொரு சிறு சுரப்பிக்கும் வாயில் திறக்கும் நுண்ணிய கான் உண்டு. நாவடிச் சுரப்பிக்கு ஏறத்தாழ 8 முதல் 20 வரையான சிறு கான்கள் உள்ளன. நமது கட்டியின் கதை இக்கான்களிலேயே தொடங்குகின்றது.

அடைப்பா, உடைப்பா?

கான் உண்டு என அறிந்தபின், கட்டிக்கான காரணம் வெளிப்படையாகத் தோன்றிற்று. குழாய் அடைபட்டால் பின்னால் நீர் தேங்கி உப்பும். ஆகவே கட்டி என்பது அடைபட்ட கான் வீங்கியதே. நீரேற்றிகளும் மதகுகளும் மனித சிந்தனைக்கு உவமைகளாக அமைந்த காலத்தில் இவ்விளக்கம் ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட்டமை இயல்பே. இயந்திரவியல் பொருள்முதல்வாதம் சளிக் கோட்பாட்டைவிடப் பெரிதும் முன்னேறியது. ஆயினும் உயிருள்ள உறுப்பைக் குழாயாக மட்டும் நோக்கியது அதன் குறைபாடு. சீதம் தேங்கிய சிறைப்பை என்னும் பெயர் மருத்துவ நூல்களில் நெடுங்காலம் நிலைத்தது.

நுண்காட்டியின்கீழ் இவற்றை ஆராய்ந்தபோது ஒரு முரண்பாடு புலப்பட்டது. உண்மையான சிறைப்பையாயின் அதன் உட்சுவரை மேலணிக் கலங்கள் போர்த்தியிருத்தல் வேண்டும். விரிவடைந்த கானாயினும் அவ்வாறே. ஆனால் சிறுவரின் கட்டிகளில் பெரும்பாலும் அத்தகைய போர்வையே இல்லை. சீதக் குளமொன்று; அதனைச் சூழ்ந்து, காயம் ஆறும்போது தோன்றும் சிறுமணி இழையம்; சீதத்தை விழுங்கிப் பருத்த கலங்கள். இவையே அங்கு காணப்பட்டன. காயம்பட்ட இடத்தின் தோற்றம் அது.

இம்முரண்பாட்டைத் தீர்த்தது பரிசோதனை. 1956இல் பாஸ்கர், போல்டன், வைன்மன் ஆகியோர் சுண்டெலிகளிலும், அக்காலத்தையொட்டி ஸ்ராண்டிஷ், ஷாபர் ஆகியோர் எலிகளிலும் உமிழ்நீர்க் கான்களை ஆராய்ந்தனர். கானைக் கட்டி அடைத்தபோது எதிர்பார்த்த நீர்க்கட்டி தோன்றவில்லை. சுரப்பியே நாளடைவில் சுருங்கலாயிற்று. ஆனால் கானை வெட்டியபோது உமிழ்நீர் சூழவுள்ள இழையத்துக்குள் கசிந்து, சிறுவர் உதட்டிற் காணப்படும் கட்டியையொத்த குளத்தை உண்டாக்கியது. ஆகவே காரணம் அடைப்பன்று, உடைப்பு. குழந்தை விழுந்து உதட்டில் அடிபடுகின்றது. அல்லது உதட்டைக் கடிக்கும், உறிஞ்சும் பழக்கமுடையதாக இருக்கின்றது. மயிரிழை போன்ற கான் கிழிகின்றது. சுரப்பியோ தன் தொழிலை நிறுத்துவதில்லை. சுரந்த நீர் வாய்க்கு வரவேண்டியது இழையத்துக்குள் தங்குகின்றது. உடல் அதனை அயற்பொருளாகக் கொண்டு சுற்றிலும் சுவரெழுப்புகின்றது. அச்சுவரைத்தான் செல்சஸ் முதலானோர் உறை எனக் கொண்டனர்.

ஆயினும் அறிவின் வளர்ச்சி நேர்கோட்டில் அமைவதன்று. 1972இல் ஹரிசன், கரற் என்னும் இருவர் பூனைகளில் நிகழ்த்திய ஆய்வு ஒரு புதிய பக்கத்தைக் காட்டியது. பூனையின் நாவடிச் சுரப்பியின் கானைக் கட்டியபோது கசிவுக் கட்டிகள் தோன்றின. இச்சுரப்பி நரம்பின் தூண்டலை எதிர்பாராமலே இடைவிடாது சுரக்கும் தன்மையுடையது. வெளிவழி அடைபட்டபோதும் அது சுரந்துகொண்டே இருப்பதால், அழுத்தம் மிகுந்து எங்கோ ஓரிடத்தில் உடைப்பு நேர்கின்றது. எனவே இச்சுரப்பியைப் பொறுத்தவரை அடைப்பும் உடைப்பும் எதிரெதிரானவையல்ல. ஒன்று மற்றதற்கு இட்டுச்செல்வது. பழைய கோட்பாடு முற்றாக எறியப்படாமல், உயர்ந்த நிலையிலுள்ள புதிய விளக்கத்தினுள் தன் வரையறுக்கப்பட்ட இடத்தைப் பெற்றுக்கொண்டது. மறுப்பின் மறுப்பு என இயங்கியலாளர் கூறுவதற்கு இதனிலும் எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

மேலணிப் போர்வையுடைய உண்மையான தேக்கக் கட்டிகளும் உள்ளன. அவை பெரும்பாலும் முதிர்ந்தோரிலேயே காணப்படுவன, சிறுவரில் அரியவை. பிறந்த குழந்தைகளில் கானின் வாய் பிறவியிலேயே திறக்காதிருப்பதால் வாயின் அடித்தளத்தில் வீக்கம் தோன்றுவதுண்டு. இதனையும் தனி வகையாகவே கொள்ளல் வேண்டும்.

சிகிச்சையின் தருக்கம்

காரணம் தெளிந்தபின் சிகிச்சையின் தருக்கமும் தெளிவாகின்றது. கட்டியை ஊசியாற் குத்தி நீரை வெளியேற்றினால் என்ன நிகழும்? குளம் வற்றும், ஊற்றோ அப்படியே இருக்கும். கிழிந்த கானினூடாகச் சுரப்பி மீண்டும் கசியும். சில நாள்களில் கட்டி முன்போல நிறையும். வீட்டில் ஊசியாலும் நகத்தாலும் உடைப்பதனால் தொற்று உண்டாவதற்கும், தழும்பு தடித்துப் பின்னைய சத்திரசிகிச்சை கடினமாவதற்கும் இடமுண்டு. எனவே அது பயனற்றது மட்டுமன்றித் தீங்கானதுமாகும்.

சிறிய, மேலோட்டமான கட்டிகள் தாமாகவே மறைந்துவிடுவதுண்டு. ஆகவே எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டியதில்லை. நிலைத்து நிற்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் உதட்டுக் கட்டியை, அதற்கு நீர் வழங்கும் சிறு சுரப்பிகளோடு சேர்த்து அகற்றுதலே உரிய முறை. பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து இதனைச் செய்யலாம். மிகச் சிறிய பிள்ளைகளுக்குச் சில வேளை முழு மயக்கம் தேவைப்படும். கட்டியினூடாகப் பட்டுநூலைக் கோத்து ஏறத்தாழ ஒரு வாரம் விட்டுவைத்து, நீருக்குப் புதிய வழி சமைக்கும் எளிய முறையொன்றும் சிறுவரிடையே கையாளப்படுகின்றது. குழந்தையை அதிகம் வருத்தாதிருப்பது அதன் சிறப்பு. மீண்டும் வரும் வாய்ப்பு அதில் உண்டு என்பது அதன் குறை. உதட்டைக் கடிக்கும் பழக்கம் தொடருமாயின் எம்முறையிலும் கட்டி திரும்பலாம் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

ரானுலாவைப் பொறுத்தவரை இத்தருக்கம் இன்னும் தெளிவாக வெளிப்படுகின்றது. அதன் கூரையை வெட்டித் திறந்து விளிம்புகளைத் தைத்துவிடும் முறை நெடுங்காலம் வழக்கிலிருந்தது. அதன்பின் கட்டி மீள்வது அடிக்கடி நிகழ்ந்தது. இன்று ஏற்கப்பட்டுள்ள கொள்கை, கட்டியை அன்றி அதற்குக் காரணமான நாவடிச் சுரப்பியையே அகற்றவேண்டும் என்பதாகும். கழுத்துவரை இறங்கிய கட்டிக்கும் இதுவே பொருந்தும். கழுத்திற் காணப்படும் வீக்கத்தின் சுவரை முழுவதும் உரித்தெடுக்க வேண்டியதில்லை. ஊற்றை நீக்கி, தேங்கிய நீரை வெளியேற்றினால், எஞ்சிய சுவரை உடலே கரைத்துவிடும். ஆயினும் நாக்குக்கு உணர்வளிக்கும் நரம்பும் வார்ட்டனின் கானும் இச்சுரப்பியை ஒட்டிச் செல்வதால், இது தேர்ந்த கைகள் செய்யவேண்டிய பணி. கைக்குழந்தையாயின், பாலருந்துவதற்கும் மூச்சுவிடுவதற்கும் தடையில்லாதவிடத்துச் சில மாதங்கள் பொறுத்திருப்பதும் ஏற்புடையதே. சில கட்டிகள் அக்காலத்துக்குள் தாமாக உடைந்து மறைந்துவிடுகின்றன. பாலருந்தவோ மூச்சுவிடவோ தடையிருப்பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அல்-சஹ்றாவியின் எச்சரிக்கை இன்றும் வேறொரு வடிவில் பொருந்துகின்றது. வாயிலுள்ள எல்லா வீக்கமும் உமிழ்நீரன்று. நாளங்கள் விரிந்து உண்டாகும் வீக்கமும் நீலமாகத் தெரியும். அதனைக் குத்தினால் குருதிப் பெருக்கு நேரும். நிணநீர் வீக்கங்களும், அடித்தளத்தின் நடுவில் தோன்றும் தோலிழையச் சிறைப்பைகளும் உண்டு. அண்ணத்திலோ கடைவாய்ப் பல்லின் பின்னாலோ உள்ள கட்டி, மிக அரிதாகச் சுரப்பியின் புற்றாகவும் இருத்தல் கூடும். அகற்றிய இழையத்தை நுண்காட்டியின்கீழ்ப் பரிசோதிப்பது இதனாலேயே வழக்கமாயிற்று. பிறந்த குழந்தையின் அண்ணத்திலும் முரசிலும் காணப்படும் வெண்ணிற மணிகளோ முற்றும் வேறானவை, சிகிச்சையின்றி மறைபவை.

சொல்லும் சமுதாயமும்

இனி எமது சூழலை நோக்குவோம். இலங்கையில் ஆண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பது. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியன அதன் முதன்மைக் காரணிகள். தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் மீனவரும் அதன் கொடுமையைத் தம் குடும்பங்களிலேயே கண்டவர்கள். அத்தகைய குடும்பத்துத் தாயொருத்தி தன் பிள்ளையின் உதட்டில் கட்டியைக் கண்டு நடுங்குவாளாயின் அது அறியாமையன்று. அவள் வாழ்வனுபவத்தின் நியாயமான முடிவு அது. அவளுக்கு வேண்டியது கண்டிப்பன்று, விளக்கம்.

அவ்விளக்கத்துக்குச் சொல் இடையூறாக நிற்கின்றது. தமிழில் கட்டி என்னும் ஒரு சொல்லே சீழ்க்கட்டியையும் கழலையையும் நீர்ச்சிறைப்பையையும் புற்றையும் குறிக்கின்றது. இறுகித் திரண்டது என்பது அதன் அடிப்படைப் பொருள். வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி என்னும் வழக்குகளும் அதனாலேயே. இறுகாத, திரளாத, வெறும் நீராகிய ஒன்றுக்கு அப்பெயர் வழங்கப்படும்போது, அறுத்தெறியவேண்டிய பொருளொன்று வளர்கின்றது என்னும் எண்ணம் தோன்றிவிடுகின்றது. மறுபுறம், மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படும் மியூக்கோசீல் என்னும் சொல் அத்தாய்க்கு எதனையும் உணர்த்துவதில்லை. ஒரு சொல் அச்சத்தைத் தருகின்றது. மற்றது மௌனத்தைத் தருகின்றது.

இவ்விடத்தில் எமது சொந்த வரலாற்றை நினைவுகூர்தல் தகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே அதனைக் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்ல, கிராமத்தவருக்கு மருத்துவர் இல்லாமற்போவதை அவர் கண்டிருந்தார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம் எனத் தமிழில் நூல்கள் வெளிவந்தன. மதப் பரப்பலோடு பிணைந்திருந்த முயற்சி அது என்பதையோ, வடசொற் செறிவால் அவற்றின் நடை இன்று எமக்குக் கடினமாக உள்ளது என்பதையோ நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் நவீன சத்திரவைத்தியத்தைத் தமிழிற் சொல்லமுடியும் என்பதை அது நடைமுறையில் நிறுவியது. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே மொழியாகக் கொண்டது. மருத்துவ அறிவு ஒரு வர்க்கத்தின் உடைமையாக இறுகுவதற்கு மொழியும் துணைநின்றது. பின்னர் அரசகரும மொழித் திணைக்களத்தார் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் இழையம், கலம், மேலணி, கான் முதலிய சொற்களைப் பாடசாலை மாணவரிடையே பரப்பின. இக்கட்டுரையை எழுதுவதற்கு எமக்குக் கைகொடுத்த சொற்களும் அவையே.

இவற்றின் வழியில், சிறுவரின் இந்நோயை உமிழ்நீர்க் கசிவு என வழங்கலாம் என்பது எமது கருத்து. நாவடியில் தோன்றுவதை நாவடி உமிழ்நீர்க் கசிவு என்க. இப்பெயர் தோற்றத்தையன்றிக் காரணத்தைச் சுட்டுகின்றது. கசிவு என்று கேட்டவுடன், எங்கிருந்து கசிகின்றது என்னும் வினா தானாகவே எழும். நீர் கசியும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துப் பழகிய எந்தத் தாயும், பாத்திரத்தைக் கவிழ்ப்பதனால் கசிவு நில்லாது என்பதை அறிவாள். ஊசியாற் குத்துவதன் பயனின்மையை அவளுக்கு இதனைவிட விரிவாக விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் சொல் மட்டும் போதாது. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியருக்கான பயிற்சி தொடங்கப்பட்டது. சிறுவரின் வாயைக் காண்பதற்கென்றே அரசு தன் ஊழியரைப் பாடசாலைக்கு அனுப்பும் இவ்வேற்பாடு, இலவச மருத்துவத்தின் பயன்மிக்க கூறுகளுள் ஒன்று. உதட்டில் நீலக் குமிழுடன் இருக்கும் பிள்ளையை முதலிற் கண்டு, தாயின் அச்சத்தைப் போக்கி, உரிய இடத்துக்கு வழிகாட்டக்கூடியவர் இத்தகைய ஊழியரே. ஆனால் உரிய இடம் என்பது பல மைல்களுக்கு அப்பாலுள்ள பெரிய வைத்தியசாலை. சிகிச்சை இலவசமாயினும் பேருந்துக் கட்டணம் இலவசமன்று. நாட்கூலி பெறும் தாய்க்கு ஒரு நாள் வைத்தியசாலையிற் காத்திருப்பது ஒரு நாட் சம்பளத்தின் இழப்பு. திரும்பத் திரும்ப வரும் கட்டிக்காகத் திரும்பத் திரும்பச் செல்லவேண்டி நேர்ந்தால், மூன்றாம் முறை அவள் செல்லாதுவிடுவாள். ஆகவே முதன்முறையிலேயே ஊற்றோடு அகற்றும் சரியான சிகிச்சை என்பது மருத்துவச் செம்மை பற்றிய வினா மட்டுமன்று, வர்க்க நீதி பற்றிய வினாவுமாகும்.

தவளை, துணை நாக்கு, சளி, அடைப்பு, கசிவு என ஐந்து விளக்கங்களை இக்கட்டி கண்டுள்ளது. அவற்றுள் இறுதியானது பரிசோதனையால் நிறுவப்பட்டு எழுபது ஆண்டுகளாகின்றன. மருத்துவ மாணவரின் பாடநூலில் அது இடம்பெற்றுவிட்டது. அப்பாடநூலின் மொழியை அறியாத தாயின் வீட்டை இன்னும் போதிய அளவு சென்றடையவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைப்பது மருத்துவரின் பணி மட்டுமன்று. மொழியைத் தொழிலாகக் கொண்ட எமக்கும் அதிற் பங்குண்டு.